முதலில் கார், அடுத்து டிரெய்லர், கடைசியில் டிரக்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் ஹெர்ஷி, சாக்லேட்டுக்குப் பேர்போன ஊர். 1955-ல் தொடங்கிய பழைய கார் கண்காட்சியும் உதிரிபாகச் சந்தையும் அங்கே அக்டோபரில் கூடும்போது ஊரே பழைய கார்களால் நிறைந்துவிடும். அறுபது, எழுபது வயதான அந்தக் கார்களில் பல, சொந்தச் சக்கரத்தில் ஓடி வருவதில்லை. டிரெய்லரில் ஏறி, பிக்-அப் டிரக் இழுக்க வருகின்றன. நம்மூரில் பழைய காரை வெளியூர் பேரணிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ரெக்கவரி வண்டிக்காரரைக் கூப்பிடுவோம். அமெரிக்காவில் கார் வைத்திருப்பவரே டிரக்கும் டிரெய்லரும் வாங்கி, குடும்பத்தோடு பல நூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போகிறார். அங்கே குடியேறிப் பழைய கார் மோகம் பிடித்த தமிழர்களுக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்: எந்த டிரக், எந்த டிரெய்லர்?

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விளம்பரத்தில் “5,000 கிலோ இழுக்கும்” என்று பார்த்து டிரக்கை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு மலிவாக வந்த ஒரு டிரெய்லர். கடைசியில்தான் காரின் எடையைத் தேடுகிறார்கள். சரியான வரிசை இதற்கு நேர் எதிர். காரிலிருந்து தொடங்க வேண்டும். டிரக் கடைசி.

காரின் எடையும் நீளமும்

பழைய கார் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் எடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. 1930-ன் ஃபோர்டு மாடல் ஏ ஏறத்தாழ 1,000 கிலோதான். 1965-ன் மஸ்டாங் 1,300 கிலோவை ஒட்டி வரும். 1957-ன் செவர்லே பெல் ஏர் சுமார் 1,500. வாலில் செங்குத்தான துடுப்பு வைத்த 1959-ன் காடிலாக்கோ 2,200 கிலோ. நீளம் 5.7 மீட்டர், அகலம் 2 மீட்டருக்குச் சற்று மேல். மஸ்டாங்குக்குப் பொருந்தும் டிரெய்லர் காடிலாக்குக்குப் பொருந்தாது. இன்று இருக்கும் காரை மட்டும் நினைத்து வாங்காமல், நாளை வாங்க ஆசைப்படும் காரையும் மனதில் வைத்துக் கணக்குப் போடுவது நல்லது.

திறந்ததா, மூடியதா?

மேலே கூரையில்லாத இரும்பு டிரெய்லர் சுமார் 900 கிலோ எடை இருக்கும். அலுமினியம் என்றால் 200 கிலோவாவது குறையும், விலை ஏறும். நான்கு புறமும் சுவர் வைத்து மூடிய 24 அடி டிரெய்லர் காலியாகவே 1,600 முதல் 2,000 கிலோ வரை இருக்கும்.

மூடியதில் கல்லடி இல்லை, மழை இல்லை. இரவில் ஓட்டல் வாசலில் நிறுத்தினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதன் முகப்பு காற்றை ஒரு சுவர்போல எதிர்கொள்ளும். எரிபொருள் தண்ணீராய்ச் செலவாகும். பக்கவாட்டுக் காற்று அடித்தால் டிரக்கையும் சேர்த்துத் தள்ளும். என் தீர்ப்பு: வருடத்தில் சில முறை, சில மணி நேரப் பயணம் என்றால் திறந்த டிரெய்லரே போதும். மழையிலும் வெயிலிலும் ஓடுவதற்காகச் செய்த கார்தானே அது. மரத்தால் உடல் செய்த கார்கள், தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் இன்னும் மாறாமல் இருக்கும் கார்கள், வழியில் இரவு தங்கிப் போகும் நெடும்பயணம், இவற்றுக்கு மூடிய டிரெய்லர் வேண்டும்.

இங்கேதான் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஒவ்வொரு டிரெய்லரிலும் அதன் சொந்த எடையும் லோடும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்ற உச்ச எடை பொறித்திருக்கும். மலிவான டிரெய்லர்களில் 3,500 பவுண்டு தாங்கும் அச்சு இரண்டு இருக்கும். ஆக மொத்தம் 7,000 பவுண்டு, அதாவது 3,175 கிலோ. திறந்த டிரெய்லரின் 900 கிலோவைக் கழித்தால் 2,275 கிலோ மிஞ்சும். மஸ்டாங் தாராளமாக ஏறும். காடிலாக் மட்டுமட்டாக ஏறும். அதே அச்சுகளை வைத்து மூடிய டிரெய்லர் கட்டியிருந்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 1,200 முதல் 1,600 கிலோதான். 24 அடி நீளம் இருக்கிறதே என்று காடிலாக்கை உள்ளே ஓட்டினால் இடம் போதும், அச்சு தாங்காது. பெரிய காருக்கு 5,200 பவுண்டு தாங்கும் அச்சு இரண்டு உள்ள, 10,000 பவுண்டை ஒட்டிய உச்ச எடை கொண்ட டிரெய்லரைத் தேட வேண்டும்.

இன்னொன்றையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்: கதவு. டிரெய்லரின் இரு மட்கார்டுகளுக்கு நடுவே சுமார் 2.1 மீட்டர்தான் இருக்கும். காடிலாக்கை ஏற்றி நிறுத்திவிட்டு ஓட்டுநர் இறங்கப் பார்த்தால் கதவின் அடிப்பகுதி மட்கார்டில் போய் இடிக்கும். பெயின்ட் உரியாமல் கதவைத் திறக்கக் கையளவு இடம்கூடக் கிடைக்காது. ஜன்னல் வழியாக வெளியே வந்தவர்கள் உண்டு. கழற்றக்கூடிய மட்கார்டோ, மூடிய டிரெய்லர் என்றால் ஓட்டுநர் பக்கச் சுவரில் தனிக் கதவோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வின்ச் பொருத்தி, காரை ஆளில்லாமல் கம்பியால் இழுத்து ஏற்றுவதும் ஒரு வழி. எஞ்சின் ஓடாத காருக்கு அதுதான் எளிய வழி.

கொக்கியில் விழும் பாரம்

டிரெய்லரின் மூக்கு டிரக்கின் கொக்கிமேல் எவ்வளவு பாரத்தை இறக்குகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழ வேண்டும். குறைந்தால் என்ன ஆகும்? பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விடும். மணிக்கு 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி பக்கத்தில் கடந்துபோனால் போதும், டிரெய்லரின் வால் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் டிரக்கின் பின்பக்கத்தையே இழுத்துப் புரட்டிவிடும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதிப்பதும் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும் ஆபத்தைக் கூட்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் நெம்புகோலை மெல்ல அழுத்த வேண்டும். டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகிவிடும்.

இதனால்தான் காரை டிரெய்லரில் எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியமாகிறது. எஞ்சின் முன்னால் இருக்கும் காரை முன்பக்கமாக ஏற்றினால் பாரம் தானாகவே முன்னுக்கு வரும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில், போர்ஷே 911, செவர்லே கோர்வேர் போன்றவற்றில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. அவற்றைப் பின்பக்கமாக ஏற்ற வேண்டியிருக்கலாம், அல்லது நன்றாக முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். கார் நின்ற இடம் சரியென்று உறுதியானதும் டிரெய்லர் தரையில் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

கதவோரத்து ஒட்டி

இனி டிரக். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இழுவைத் திறன் பொய்யல்ல. ஜே2807 என்ற பொதுத் தரநிலையை அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்திருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றம் அதன் சோதனைகளில் ஒன்று. 18 கிலோமீட்டர் நீளமான அந்தச் சாலையில், கொளுத்தும் வெயிலில், ஏ.சி.யை முழு வேகத்தில் ஓடவிட்டு, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகாமல் டிரக் ஏறிக் காட்ட வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் டிரக்குக்குள் இருப்பவர்கள் தலைக்கு 68 கிலோ எடையுள்ள இரண்டே பேர். குழந்தைகள் இல்லை, பெட்டிகள் இல்லை, கருவிப்பெட்டி இல்லை.

உண்மையான எல்லையைச் சொல்லும் எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும். கதவுச் சட்டத்தின் ஓரத்தில், டயர் காற்றழுத்தம் எழுதிய மஞ்சளும் வெள்ளையுமான சிறு ஒட்டி. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். இது மாடலுக்குப் பொதுவான எண் அல்ல. கண்முன் நிற்கும் அந்த ஒரு டிரக்குக்கான எண். சன்ரூஃப், நான்கு சக்கர இழுவை, பெரிய கேபின் என்று சேரச் சேர இந்த எண் இறங்கும். கொக்கியில் விழும் பாரமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

போட்டுப் பார்ப்போம். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500 ஆகிய மூன்றும் அரை டன் வகை. வசதிகள் நிறைந்த அப்படியொரு டிரக்கின் ஒட்டியில் 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ, என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். காடிலாக் 2,200, மூடிய டிரெய்லர் 1,800, வின்ச்சும் ஸ்பேர் டயரும் கருவிகளும் 200. மொத்தம் 4,200 கிலோ. விளம்பரத்தின் 5,000-க்குள் அடங்கிவிட்டது. ஆனால் அதில் 12 சதவீதம் கொக்கியில் விழுந்தால் 500 கிலோ. பாரத்தை முன்சக்கரங்களுக்கும் பகிரும் ஹிட்ச்சின் எடை 45 கிலோ. மிச்சம் 135 கிலோதான். கணவனும் மனைவியும் ஏறி உட்கார்ந்தாலே எல்லை தாண்டிவிடும். அந்த ஹிட்ச் பாரத்தைச் சமமாகப் பரப்பும். ஒட்டியில் உள்ள எண்ணைக் கூட்டாது.

அதே டிரக்கில் மஸ்டாங்கைத் திறந்த டிரெய்லரில் இழுத்தால்? கருவிகளோடு சேர்த்து மொத்தம் 2,300 கிலோ. கொக்கியில் 280-க்குள். தம்பதியும் ஹிட்ச்சும் போக 200 கிலோ மிச்சம். பிள்ளைகளும் பெட்டிகளும் ஏறலாம்.

ஆக, காடிலாக்கும் மூடிய டிரெய்லரும்தான் என்று முடிவானால் எஃப்-250, 2500 போன்ற முக்கால் டன் டிரக்குக்குப் போய்விடுங்கள். அவற்றின் ஒட்டி பெரும்பாலும் 1,000 கிலோவுக்கு மேல் காட்டும். டீசல் எஞ்சின் கனமானது. அந்தக் கனமும் இந்த எண்ணிலிருந்துதான் கழியும். சமவெளியில் எப்போதாவது இழுப்பவருக்குப் பெட்ரோலே போதும். கொலராடோ மலைகளைத் தாண்டுபவருக்கு டீசல் கொடுத்த காசுக்கு உழைக்கும். ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். இறங்கும்போது டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக், கால் பிரேக் சூடேறித் தோற்றுப்போகாமல் காக்கும். மின்சார டிரக்குகளுக்கு இழுக்கும் வலு குறைவில்லை. ஆனால் மூடிய டிரெய்லரை மாட்டினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பாதியாகக்கூடக் குறைந்துவிடும். நெடும்பயணத்துக்கு இப்போதைக்கு அவை வேண்டாம்.

பிரேக், டயர், பெல்ட்

பெரும்பாலான மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். சட்டம் கேட்காவிட்டாலும் இரண்டு அச்சிலும் பிரேக் இருக்க வேண்டும். டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகவே அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் சுவிட்ச்சும் அதற்கான பேட்டரியும் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்று நின்றே சாகிறது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வயதானால் மாற்றிவிடுங்கள். பல டிரெய்லர் டயர்கள் மணிக்கு 65 மைல் வேகத்துக்குத்தான் செய்யப்பட்டவை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் உச்ச வேகம் 55 மைல்தான்.

காரை நான்கு மூலையிலும் ராட்செட் பெல்ட்டால் கட்டுங்கள். அச்சில் கட்டலாம், அல்லது சக்கரத்தைச் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் போடலாம். பம்பரில் கட்டவே கூடாது. பிரேக் குழாய் பெல்ட்டுக்கும் அச்சுக்கும் நடுவே நசுங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். பழைய கார்களில் அது அச்சை ஒட்டியே ஓடும். திறந்த டிரெய்லரில் காருக்குத் துணி உறை போடாதீர்கள். காற்றில் படபடத்துப் பெயின்ட்டைத் தேய்த்துவிடும். புறப்பட்டு 40 கிலோமீட்டருக்குள் ஓரமாக நிறுத்தி, பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள். டிரக்கோடு மாட்டாத டிரெய்லரில் காரை ஏற்றாதீர்கள். காரின் பாரம் பின்முனையில் ஏறும்போது டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும்.

வருடத்துக்கு ஒரு கண்காட்சிதான் என்றால் வாங்கவே வேண்டாம். யூ-ஹால் போன்ற நிறுவனங்கள் 5,290 பவுண்டு, அதாவது 2,400 கிலோ வரை ஏற்றும் கார் டிரெய்லரை நாள் வாடகைக்குத் தருகின்றன. வாங்கியவர்கள் முதல் பயணத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காரை ஏற்றி, குடும்பமும் பெட்டிகளுமாக, நெடுஞ்சாலை ஓர டிரக் நிறுத்தத்தில் உள்ள கேட் ஸ்கேல் எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று மூன்றையும் தனித்தனியே நிறுத்துச் சீட்டு கொடுப்பார்கள். டிரெய்லரைக் கழற்றி டிரக்கை மட்டும் இன்னொரு முறை நிறுத்தால், இரண்டு சீட்டிலும் டிரக் எடையில் வரும் வித்தியாசமே கொக்கியில் விழும் பாரம். அந்தச் சீட்டுகளைக் கதவோரத்து ஒட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.