பாயிண்ட் டூ டூ ரைஃபிள் வாங்குமுன்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 1 அன்று 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் பெற்ற ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றியவர். ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வென்றார். அவரும் நம் பிள்ளைகளைப் போல் வெளிமாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண்தான். இதையெல்லாம் டி.வி.யில் பார்த்துவிட்டு அகளியில் சில பிள்ளைகள் ரைஃபிள் கேட்கிறார்கள். பெற்றோர் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். இரும்பு, எந்திரம் என்றால் இவனைக் கேட்கலாம் என்ற எண்ணம் போலும்!

குசாலே சுட்டது பாயிண்ட் டூ டூ எனப்படும் .22 ரகம். குழல் விட்டம் சுமார் 5.6 மி.மீ. ஈயக் குண்டின் எடை 2.6 கிராம். போட்டித் தோட்டாவின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர், அதாவது ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஒலிவேகத்தைத் தாண்டிப் போகும் குண்டு, வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது தடுமாறும். 50 மீட்டர் தூரத்தில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. சட்டைப் பித்தான் அளவு! அங்கே தடுமாற்றத்துக்கு இடமேது? குண்டு சிறிதாயிற்றே என்று அலட்சியம் வேண்டாம். தடுப்பு இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய் ஆளைக் கொல்லும். வீட்டுத் தோட்டத்தில் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

போல்ட் ஆக்ஷன் என்பதைக் கதவுத் தாழ்ப்பாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். புதியதை வைத்து முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். அசையும் உறுப்புகள் குறைவு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பூட்டும். குறி தவறாமைக்கு இதுவே அடிப்படை. இன்னொரு நன்மை, போல்ட் திறந்திருப்பது தூரத்திலிருந்தே பயிற்சியாளர் கண்ணுக்குத் தெரியும். தொடக்கக்காரருக்கு ஒற்றைத் தோட்டா மாடலே நல்லது. அடுத்த குண்டுக்கு முன் மூச்சை நிதானிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன் அளவைப் பாருங்கள். தோளில் வைத்தால் கழுத்தை நீட்டாமல், முகத்தை அழுத்தாமல் கண் குறித்துளைக்கு நேரே வரவேண்டும். பின்கட்டையின் நீளமும் கன்னம் படியும் உயரமும் மாற்றத்தக்கதாக இருந்தால் வளரும் பிள்ளைக்கு இரண்டு மூன்று ஆண்டு உதவும். போட்டி விதிப்படி 8 கிலோ வரை எடை அனுமதி உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் முதுகு என்னாகும்? போட்டி ரைஃபிளின் டிரிகர் சுமார் 100 கிராம் அழுத்தத்திலேயே விடுபடும். சாதாரண ஸ்போர்ட்டிங் ரைஃபிளில் இது கிலோக் கணக்கில் இருக்கும்; விரல் இழுக்கையில் குறியும் சேர்ந்து நகரும். ஆகவே டிரிகரைக் காசு கொடுத்து வாங்கலாம், மரக்கட்டை அழகைக் காசு கொடுத்து வாங்கவேண்டாம் என்பது என் கருத்து.

ஆன்ஷூட்ஸ், வால்தர் போன்ற ஜெர்மன் ரைஃபிள்கள் உயர்ந்தவை, விலையும் உயர்ந்தது. பழைய செக் நாட்டு பிர்னோ ரைஃபிள்கள் நம் நாட்டில் கைமாறி வருவதுண்டு. கைமாறிய ரைஃபிள் என்றால் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உள்ளே வளையம் போல் நிழல் தெரிந்தால் குழல் ஒருமுறை உப்பியிருக்கிறது என்று பொருள், விட்டுவிடுங்கள். தோட்டா உட்காரும் வாயின் விளிம்பையும் பாருங்கள். இந்த ரகத்தில் ஊசி தோட்டாவின் நடுவில் அடிக்காமல் விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்து விளையாடியிருந்தால் சில ரைஃபிள்களில் ஊசி இரும்பிலேயே அடித்து, அந்த இடம் பள்ளமாகியிருக்கும். பிறகு தோட்டா சிக்கும்.

எல்லாம் சரி, முதலில் வாங்கவேண்டியது இதுவா? இல்லை என்பேன். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை. .22-க்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். 21 வயது நிரம்பாதவர் பெயரில் கிடைக்காது. சிறுவர்கள் ரைஃபிள் சங்கத்தில் மேற்பார்வையில் பழகலாம். ஓராண்டு சங்கத்துத் துப்பாக்கியில் காற்றுப் பயிற்சி, அதன்பின் ரைஃபிள் என்று வைத்துக்கொண்டால், ஆசை ஆறு மாதத்தில் வடிந்துவிட்டாலும் பணம் மிஞ்சும். உரிமம் எடுத்தால் பூட்டும் இரும்புப் பெட்டியும் சேர்த்து வாங்குங்கள். தோட்டா வேறு பெட்டியில், சாவி பெரியவர் இடுப்பில்.

இங்கே பன்றித் தொல்லை இருப்பதால் சிலர் "ஒரே கல்லில் இரண்டு மாங்காய்" என்று கணக்குப் போடுகிறார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமம் வேறு, இலக்குப் பயிற்சிக்கான உரிமம் வேறு. இரண்டையும் குழப்பினால் வனத்துறை வழக்கில் போய் முடியும்.

ஆனைகட்டி வழியாகக் கோவைக்குப் பயிற்சிக்குப் போக நினைப்பவர்கள் உரிமத்தில் "செல்லுபடியாகும் பகுதி" என்ற இடத்தைக் கவனியுங்கள். கேரளம் மட்டும் என்று எழுதியிருந்தால் சோதனைச் சாவடி தாண்டியவுடன் குற்றம். தமிழ்நாட்டையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். மன்னார்க்காடு பக்கம் போகிறவர்கள் வழியில் சைலன்ட் வேலி பார்க்கலாம் என்று ரைஃபிளோடு முக்காலிக்குள் திரும்பிவிடாதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி ஆயுதம் கொண்டுபோக வனவிலங்குச் சட்டம் இடம் தராது, பெட்டியில் பூட்டியிருந்தாலும் சரி.