பெரிய கைக்கடிகாரம்: வாங்குமுன் மணிக்கட்டை அளப்போம்

எதையும் அளந்தும் நிறுத்தும் வாங்குபவர்கள் வியாபாரிகளாகிய நாம். ஆனால் லட்ச ரூபாய்க் கைக்கடிகாரத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தே விலை பேசி விடுகிறோம்.

பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்கு இத்தொழில் தூரமானதல்ல. டாடா குழுமமும் டிட்கோவும் 1984-ல் கூட்டாகத் தொடங்கிய டைட்டனின் தொழிற்சாலை ஓசூரில் உள்ளது. 2004 வரை ஓசூர் நம் தருமபுரி மாவட்டம்தான். டைட்டன் 2002-ல் வெளியிட்ட 'எட்ஜ்' 3.5 மி.மீ. கனமே கொண்டது. பனெராய் லூமினார் போன்ற ஆடம்பர ரகங்களிலோ 44 மி.மீ. அகலமுள்ளவை உண்டு.

விளம்பரம் சொல்வது அகலத்தை. நாம் அளக்க வேண்டியது நீளத்தை. அதாவது, பட்டை மாட்டும் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை. 42 மி.மீ. அகலமுள்ள இரு கடிகாரங்களில் ஒன்று 47 மி.மீ. நீளமும் மற்றது 52 மி.மீ. நீளமும் இருக்கலாம். மணிக்கட்டின் மேற்புறச் சமதளத்தை ஸ்கேல் வைத்து அளந்து கொள்ளுங்கள். முனைகள் அதைத் தாண்டி நீட்டினால் அக்கடிகாரம் நமக்கு ஆகாது.

கட்டிப் பார்க்கும்போது கையைப் பின்னுக்கு மடக்குங்கள். திருகு புறங்கையில் குத்தக்கூடாது. கனம் கூடினால் சட்டைக் கைக்குள் நுழையாது. மூட்டை புரட்டும்போது இடிக்கும். குனிந்து பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியும். ஆளுயரக் கண்ணாடி முன் நின்று பார்ப்பதே சரி.

பொருந்தாத கடிகாரம் பீரோவில் முடங்கும். விற்கப் போனால் பெரும்பாலும் போட்ட விலை வராது. அந்தப் பணம் ஒரு பண்டிகைக் கொள்முதலுக்கான முதல் என்பதை மறவாதிருப்போம்.