கச்சேரி கேட்கப்போவது வேறு கேள்வி

கொண்டச்சி, மரிச்சுக்கட்டிப் பக்கம் பன்றித் தொல்லை கூடினால் இளைஞர்களிடையே ஒரு விவாதமும் கூடிவிடுகிறது: போல்ட் ரைபிளா, செமி ஓட்டோவா? யூடியூப்பில் அமெரிக்க வேட்டைக்காரர்களைப் பார்த்து வந்த வினை.

வித்தியாசம் எளிது. போல்ட்டில் ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து, வெற்றுக் கோதைத் தள்ளி, அடுத்த ரவையை ஏற்ற வேண்டும். செமி ஓட்டோவில் அந்த வேலையைத் துவக்கே பார்த்துக்கொள்ளும்; ஒவ்வொரு வெடிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினால் போதும். ஆபத்தும் அங்கேதான். ஒரு வெடி போனதுமே அடுத்த ரவை உள்ளே ஏறிவிடுகிறது. மகசீனைக் கழற்றினால் துவக்கு வெறுமை என்று நினைக்கிறார்கள். இல்லை, உள்ளே ஒன்று இருக்கலாம்.

இந்த அறிவெல்லாம் நம்மூர்க் கமக்காரருக்குப் பெரிதாக உதவாது. பயிர்காக்க வழக்கமாகக் கிடைப்பது 12 போர் சொட்கண் அனுமதிதான். அது நியாயமும்கூட. ரைபிள் ரவை கிலோமீற்றர் கணக்கில் போகும். நம் முசலிப் பிரதேசத்தின் தட்டை நிலத்தில், பன்றிக்குத் தவறியது அடுத்த வயலில் காவல் இருப்பவரில் படலாம்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு 1996இல் வந்த திருத்தத்தின்படி, தானியங்கித் துவக்கை வைத்திருந்தால் ஆயுள் சிறை. யுத்தம் விட்டுப்போன ரி-56 தானியங்கித் துவக்கு பற்றைக்குள் கிடந்தால், “ஒவ்வொன்றாகத்தானே சுடப்போகிறேன்” என்று வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். ஒவ்வொன்றாகச் சுட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது தானியங்கிதான். தொடவும் வேண்டாம், பொலிசுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்து 119க்குச் சொல்லுங்கள்.

உள்ளூரில் செய்யும் இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் துவக்கே அல்ல என்பதுபோல் பலர் நடந்துகொள்கிறார்கள். கயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்குக்குப் பன்றியும் தெரியாது, விறகு பொறுக்க வந்த பெண்ணும் தெரியாது.

முறையாகத் துவக்கு வேண்டுமா? காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ, செய்யும் பயிர், அழிந்த அளவு, தேதியிட்ட படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டுங்கள். கிராம அலுவலர் கடிதத்தோடு முசலி பிரதேச செயலகத்துக்குப் போய், மன்னார் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, எழுதிக் கேளுங்கள். பொலிஸ் அறிக்கையும் தேவைப்படும். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் திகதி முத்திரை வாங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், முத்திரை வாங்குங்கள். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று சொல்ல ஆளில்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். மன்னாரில் தமிழில் எழுதித் தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை. அதைச் சலுகையாகத் தருவதுபோல் முகம் காட்டினால் பொருட்படுத்தாதீர்கள்.

அனுமதி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31உடன் முடியும். ஜனவரியில் விழித்துக்கொண்டு ஓடுவோரே அதிகம். அந்த அனுமதித் துண்டு வில்பத்து தேசிய பூங்காவுக்குள் நுழையும் சீட்டும் அல்ல. மச்சானுக்கு ஒரு இரவு இரவல் கொடுக்கவும் முடியாது. வாப்பா மவுத்தானால் துவக்கு தானாக மகனுக்குச் சேராது. அலுமாரியில் பூட்டி வைத்தாலும் குற்றம்தான். சிலாவத்துறைப் பொலிசுக்கும் கச்சேரிக்கும் உடனே அறிவித்து, துவக்கை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.