ஞானஸ்நானமும் சபைப் பதிவேடும்

குள்ளஞ்சாவடி, நெய்வேலி சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் ஊழியம் செய்யும் போதகர் எவரும் இக்கேள்வியைச் சந்தியாதிரார்: "ஐயா, ஆண்டவரை விசுவாசிக்கிறேன், ஆலயத்துக்கும் வருகிறேன். ஞானஸ்நானம் மட்டும் பிறகு பெற்றுக்கொள்ளலாமா?" கேட்பவர் கோழையல்லர். வேலைக்கு மனுச்செய்யும் வயதில் அவருக்கு ஒரு மகன் இருப்பான். அவனுடைய சாதிச் சான்றிதழே அவரது கவலை. இதற்கு விடைகூறுமுன், ஞானஸ்நானம் இன்னதென்பதில் நமக்கே தெளிவு வேண்டும்.

1. சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்கு 'முக்குதல், அமிழ்த்துதல்' என்பது அடிப்படைப் பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு அதனை 'ஞானஸ்நானம்' என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'திருமுழுக்கு' என்கிறது. 'ஸ்நானம்' என்றதும் நம் மக்களுக்கு நினைவில் வருவது தீட்டுக் கழிக்கும் நீராட்டு. அது நாள்தோறும் திரும்பச் செய்யப்படுவது. ஞானஸ்நானமோ ஒரே முறை நிகழ்வது. அழுக்கை மட்டுமன்று, பழைய மனிதனையே கிறிஸ்துவுடன் அடக்கம்பண்ணுவது (ரோமர் 6:3, 4).

1982இல் லீமா நகரில் உருவான திருச்சபை ஐக்கிய ஆவணம் இதன் பொருளை ஐந்தாக வகுத்துரைக்கிறது: கிறிஸ்துவின் மரணத்திலும் உயிர்த்தெழுதலிலும் பங்கு, மனந்திரும்புதலும் பாவமன்னிப்பும், ஆவியானவரின் ஈவு, கிறிஸ்துவின் சரீரத்தில் இணைப்பு, இறையாட்சியின் அடையாளம். இவற்றுள் நம் சபைகளில் மிகக் குறைவாகப் போதிக்கப்படுவது நான்காவதே.

2. முறையும் மறுமுழுக்கும்

ஆதிச்சபையின் 'டிடாக்கே' என்னும் நூல் ஓடும் நீரில் ஞானஸ்நானம் கொடுக்கக் கற்பிக்கிறது. அது கிடையாதபோது வேறு நீர் போதும். போதிய நீரில்லையேல் திரியேக நாமத்தில் மும்முறை தலையில் ஊற்றலாம் என்கிறது. எனவே நீரின் அளவு இதன் சாரமன்று. தென்னிந்தியத் திருச்சபை (1947) குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பின்னர்த் திடப்படுத்துகிறது. வட இந்தியத் திருச்சபையில் (1970) குழந்தை ஞானஸ்நானமும் விசுவாசி ஞானஸ்நானமும் அருகருகே இடம்பெறுகின்றன.

குழந்தையாகப் பெற்றது செல்லாது, மீண்டும் மூழ்கவேண்டும் என்போர் உண்டு. ஞானஸ்நானத்தில் முந்திப் பேசுகிறவர் தேவன்; நமது பதில் தளர்ந்தாலும் அவர் வாக்கு தளர்வதில்லை. ஆதலால் மறுமுழுக்கெனத் தோன்றும் எச்செயலையும் தவிர்க்குமாறு லீமா ஆவணம் கூறுகிறது. ஆயினும், திடப்படுத்தலுக்கான உபதேசத்தை இரண்டொரு வாரங்களில் முடித்துவிடும் நாம், நம் பிள்ளைகள் பிறிதொரு குளத்தைத் தேடிச் செல்வதைப் பற்றிக் குறைகூறுவது எங்ஙனம்?

3. சாதியும் சட்டமும்

சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. அவர்கள் முதன்முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1707 மே 12ஆம் நாள். பெற்றவர்கள் டேனிய எசமானர்களின் அடிமைகளாயிருந்த ஐவர். நம் நாட்டுச் சீர்திருத்தச் சபை அடிமைகளிலிருந்தே தொடங்கிற்று. எனினும், சாதி வேற்றுமையைச் சபையினின்று அகற்றவேண்டுமென்று பேராயர் டானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் விலகிச் சென்றனர். கலாத்தியர் 3:27, 28 ஞானஸ்நானத்தைப் பற்றிய வசனம் என்பதை அவர்கள் மறந்தனர், நாமும் மறக்கிறோம்.

மறுபுறம் சட்டம் நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை, இந்துக்களுக்கே அத்தகுதியை அளித்தது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். 2024 நவம்பர் 26இல் உச்சநீதிமன்றம் தீர்த்த புதுச்சேரி வழக்கொன்றில், குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றதும், தொடர்ந்து ஆலயத்தில் வழிபட்டு வந்ததும் கருத்தில் கொள்ளப்பட்டு, அட்டவணைச் சாதிச் சான்றிதழ் கோரிய பெண்ணின் மேல்முறையீடு தள்ளப்பட்டது. நாம் எழுதிவைக்கும் பதிவேடு நீதிமன்றம் வரை செல்லக்கூடியது என்பதைப் போதகர் உணரவேண்டும்.

ஆக, ஞானஸ்நானம் ஒருவனிடம் அவனுக்கிருந்த பாதுகாப்பைக் கேட்கிறது. மற்றொருவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. இச்சமனின்மை சட்டத்தால் வந்தது; ஆனால் தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபை அதனைக் குறைகூற வாயற்றது.

4. போதகர் செய்யத்தக்கது

முதலாவது, பதிவின்றி மறைவில் ஞானஸ்நானம் கொடுத்தல் தகாது. எத்தியோப்பிய மந்திரி வனாந்தரப் பாதையில் பெற்றதைச் சிலர் சான்றாகக் காட்டுவர். அங்கே சபை இல்லை. இங்கே சபையிடமிருந்து ஒளிக்கிறோம். ஞானஸ்நானத்தில் சபையும் வாக்குக் கொடுக்கிறது. அறியாதவர் எங்ஙனம் வாக்குக் கொடுப்பர்?

இரண்டாவது, இழப்பை மறைத்து ஒருவரையும் அவசரப்படுத்தலாகாது. சட்டத்தின் விளைவை ஆயத்த வகுப்பிலேயே எடுத்துரைக்க வேண்டும்.

மூன்றாவது, ஞானஸ்நானம் பெறாத விசுவாசியைப் புறத்தியாராக எண்ணலாகாது. சென்னையிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இத்தகையோர் பலர் இருப்பதை ஹெர்பர்ட் ஹோஃபர் தம் ஆய்வு நூலில் (1991) விளக்கியுள்ளார். அவர்களுக்கும் வசனமும் ஜெபமும் வீடு சந்திப்பும் உரியன.

நான்காவது, ஞானஸ்நானத்தால் ஒருவர் இழப்பதைச் சபை பகிர்ந்துகொள்ள வேண்டும். அவர் மகனின் கல்விக்கும் வேலைக்கும் சபை துணைநிற்குமா? அவர் இறந்தால் எக்கல்லறையில் இடம் தரும்? அவர் கேட்ட கேள்வியின் உட்பொருள் இதுவே.

நிக்கொதேமு இராக்காலத்தில் வந்தான். ஆண்டவர் அவனைத் திருப்பியனுப்பவில்லை; நீரினாலும் ஆவியினாலும் பிறத்தலைப் பற்றி அவனிடமே பேசினார் (யோவான் 3:5). கோரிக்கையைத் தாழ்த்தவுமில்லை, கதவை அடைக்கவுமில்லை. பின்னொரு நாள் அவன் வெள்ளைப்போளமும் கரியபோளமும் சுமந்து, சிலுவையில் மரித்தவரை அடக்கம்பண்ண வெளிப்படையாய் வந்தான் (யோவான் 19:39). நம்மிடம் இரவில் வருகிறவர்களுக்கும் அத்தகைய காலத்தை அளிப்போமாக. அவர்கள் பகலில் வரும்போது நிற்பதற்குச் சபையில் இடமும் வைத்திருப்போமாக.