புகைபோக்கியின் நிறம்

பக்கத்து வீட்டுப் பெண் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்காக அட்டையில் ஒரு நீராவிக் கப்பல் செய்திருந்தாள். எல்லாம் ஒட்டி முடித்தபின் கையில் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். "தாத்தா, புகைபோக்கிக்கு எந்தக் கலர் வேணும்னாலும் அடிக்கலாமா?" அடிக்கலாம் என்று சொல்லியிருந்தால் அவள் வேலை அன்றே முடிந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை. "உட்காரும்மா, டீ வரட்டும்" என்றேன்.

கடற்கரையில் நின்றால் தூரத்துக் கப்பலின் உடல் முதலில் தெரியாது. பூமி உருண்டை. அதனால் கடலின் விளிம்புக்கு மேல் முதலில் எட்டிப் பார்ப்பது கொடிமரம், அடுத்தது புகைபோக்கி. பெயர் எழுதிய இடம் கடைசியில்தான் மேலே வரும். கம்பியில்லாத் தந்தி வருவதற்கு முன், வந்துகொண்டிருப்பது யாருடைய கப்பல் என்று கரையிலிருப்பவர் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கூலியாட்களைத் திரட்ட வேண்டும், கிட்டங்கியைத் திறந்து வைக்க வேண்டும். பாய்க்கப்பல் நாளில் இதற்குக் கொடிகள் இருந்தன. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பிட்ஸ்டன் குன்றின் மேல் கொடிமரங்கள் வரிசையாக நிற்கும். காவல்காரர் கப்பலைக் கண்டதும் அதன் முதலாளியின் கொடியை ஏற்றுவார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் வியாபாரி அதைப் பார்த்துவிட்டுத் துறைக்கு இறங்குவார். நீராவி வந்ததும் கொடியைவிடப் பெரிய பலகை கிடைத்தது: வானத்தைப் பார்த்து நிற்கும் ஓர் இரும்புக் குழாய். கம்பெனிகளின் கொடிகளையும் புகைபோக்கிகளையும் வண்ணத்தில் அச்சிட்டு, கப்பல் காப்பீட்டுக்குப் பெயர்போன லாயிட்ஸ் 1912இல் ஒரு புத்தகமே போட்டது.

ஆனால் அந்தக் குழாய் கொதிக்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. சாதாரண எண்ணெய்ப் பெயிண்டைச் சூடான இரும்பில் அடித்தால் கொப்பளித்து உரிந்துவிடும். 1840இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த குனார்டு கம்பெனியின் பிரிட்டானியா கப்பலின் எஞ்சின் கிளாஸ்கோவின் ராபர்ட் நேப்பியர் செய்தது. காவி மண்ணை மோரில் குழைத்துப் புகைபோக்கியில் பூசும் வழக்கம் அவருடையது என்று கப்பல்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மோரா என்று அவள் கண்ணை விரித்தாள். மோர்தான். பாலில் இருக்கும் புரதம் நல்ல பசை; மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணோ மஞ்சளாக இருந்தாலும் சூடேறினால் சிவக்கும். அதிலுள்ள இரும்புத் துருவில் கலந்திருக்கும் நீர் வெளியேறிவிடுவதால் வரும் மாற்றம் அது. சூளையில் வைத்த செங்கல் சிவப்பதற்கும் இரும்புதான் காரணம். ஆக, குனார்டின் புகழ்பெற்ற செம்மஞ்சள் நிறத்தை எந்த ஓவியரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. நெருப்பைத் தாங்கி நின்ற நிறம் அது. மேல் நுனியில் கறுப்பு ஏன் என்பதை அவளே சொல்லிவிட்டாள். கரி படியும் இடத்தில் வேறென்ன அடிப்பது?

மற்ற கம்பெனிகளுக்கு வேறு வேறு கதைகள். ஒயிட் ஸ்டாருக்கு மங்கிய மஞ்சள். டைட்டானிக்கின் நான்கு புகைபோக்கிகளும் அந்த நிறம்தான். ஆல்பிரட் ஹோல்ட் கம்பெனிக்கு நீலம். அவர்கள் முதலில் வாங்கிய பழைய கப்பலில் மிச்சமாகக் கிடந்த நீலப் பெயிண்ட்தான் காரணம் என்பார்கள். 1866இல் அகமெம்னான் என்ற கப்பலோடு சீனப் பாதையில் இறங்கிய அந்தக் கம்பெனி, தேயிலை ஏற்றி வந்த பாய்க்கப்பல்களோடு போட்டி போட்டது. நாங்கள் டீ குடித்தபடி அதைப் பேசியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கப்பலின் உடலுக்குக் கறுப்பு அடித்ததற்குக் காரணம் நிலக்கரி. துறைமுகத்தில் கூடை கூடையாகக் கரி ஏற்றும்போது கிளம்பும் தூசு பக்கவாட்டில் வழிந்து அப்பிக்கொள்ளும். எண்ணெய் எரிக்கும் கொதிகலன்கள் வந்தபின்தான் பெரிய கப்பல்களை வெள்ளையாக வைத்திருப்பது எளிதானது. பி அண்ட் ஓ கம்பெனி 1931இல் ஸ்ட்ராத்நேவர் கப்பலை வெள்ளை உடலும் மஞ்சள் புகைபோக்கியுமாக இறக்கியது. வெயில் கடலில் வெள்ளை கொஞ்சம் குளுமை. அதன் மூன்று புகைபோக்கிகளில் இரண்டு வெறும் அலங்காரம். புகை வந்தது நடுவிலிருந்ததில் மட்டும்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் சிவப்பு வேறு சங்கதி. அது செம்பு. கொட்டலசும் பாசியும் ஒட்டிக்கொண்டால் கப்பல் வேகம் குறைந்து, கரிச் செலவு ஏறும். மரக்கப்பலுக்குச் செப்புத் தகடு அடித்துச் சமாளித்தார்கள். இரும்புக் கப்பலில் அது முடியாது. கடல் நீரில் செம்பு பக்கத்திலிருந்தால் இரும்பு அரித்துப்போகும். ஆகவே முதலில் இரும்பைக் காக்கும் ஒரு பூச்சு, அதன்மேல் செம்புச் சேர்மம் கலந்த பெயிண்ட் என்று அடித்தார்கள். அந்தச் சேர்மத்தின் நிறமே சிவப்பு.

டீ முடிந்துவிட்டது. நம் ஊர்க் கப்பல் எது என்று கேட்டாள். ரஜுலாவைச் சொன்னேன். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தமிழர்களை ஏற்றி இறக்கியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போக ஐயாயிரம் பேருக்கு மேல் இடம். பி.ஐ. என்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியுடையது, கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளை வளையம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதே தூத்துக்குடி–கொழும்புப் பாதையில் அந்தக் கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்துத்தான். கட்டணத்தைக் குறைத்துக் குறைத்தே அவரை ஒடுக்கப் பார்த்தார்கள். அதே கம்பெனியின் கப்பலில்தான் பிறகு எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் போயின, திரும்பியும் வந்தன. அந்த இரண்டு வளையத்தைப் பார்த்தால் எனக்குக் கோபமும் பாசமும் சேர்ந்தே வருகின்றன. 1973இல் இந்தியக் கப்பல் கழகம் ரஜுலாவை வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. அதன்பின் அது அதிக நாள் ஓடவில்லை.

அவள் சிவப்பு டப்பாவை மூடிவிட்டுக் கறுப்பைத் திறந்தாள். அடிக்குச்சியை எடுத்துப் புகைபோக்கியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வளையத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடணும் தாத்தா?" என்று கேட்டாள்.