திரை வந்தால் பாடம் வந்துவிடுமா?

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால், பட்டுக்கோட்டைக் கழனிகளில் நெல் தானாகவே விளைந்துவிடுமா? உழ வேண்டும், நட வேண்டும், களை பறிக்க வேண்டும். இதை அறியாத உழவர் இல்லை. ஆனால் வகுப்பறையிலே திரை வந்ததும் பாடம் தானே விளையும் என்று நம்பும் ஆசிரியர்கள் உண்டு!

"படித்தால் 10 விழுக்காடு நிற்கும், பார்த்தால் 30 விழுக்காடு நிற்கும்" என்கிறார்கள். ஆதாரம் என்ன? அமெரிக்கப் பேராசிரியர் எட்கர் டேல் 1946-இல் வரைந்த 'அனுபவக் கூம்பு' என்பார்கள். அந்தக் கூம்பிலே ஒரு விழுக்காடுகூடக் கிடையாது! எண்கள் பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை.

"படம் ஓடும்போது விளக்கத்தைக் குரலிலும் எழுத்திலும் சேர்த்துத் தந்தால் இரட்டிப்புப் பலன்" என்பது இன்னொரு நம்பிக்கை. ரிச்சர்ட் மேயரின் சோதனைகள் காட்டியதோ நேர்மாறு. விளக்கத்தைக் காதால் மட்டும் கேட்டவர்களே நன்றாகக் கற்றனர். படத்தையும் எழுத்தையும் கண் ஒரே நேரத்தில் எப்படிப் பார்க்கும்?

நாம் திரைக்குப் பகைவர்களா? அல்ல! 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020-இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது குடிசைகளுக்கும் பாடம் கொண்டுபோயிற்று. ஆனால் படத்தை நிறுத்தி, "ஏன்?" என்று கேட்க ஆசிரியர் வேண்டும். வசதி படைத்தவன் பிள்ளைக்குத் தனிப்பாடம் உண்டு. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளி ஆசிரியரை விட்டால் யார்?

தோழர்களே! பள்ளிக் கூட்டங்களில் "திரை வந்ததா?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "அதை வைத்துப் பாடம் நடத்தப் போதிய ஆசிரியர் உண்டா, அவருக்குச் சரியான பயிற்சி தந்தீர்களா?" என்றும் கேளுங்கள்!