ஒரே வாசல் – 9: சதவீதக் குறிக்கு ஒரு மாறுவேடம்

பக்கத்துக்குப் பக்கம் சிதறிக் கிடக்கும் குவெரிகளைத் திரட்டி, டேட்டாபேஸுக்குப் போக ஒரே வாசலாக ஓர் அடுக்கைக் கட்டுவது நம் வேலை. அதற்கு மாதிரியாக, டேட்டாபேஸோடு பேசும் வேர்ட்பிரஸின் டபிள்யுபிடிபி கிளாஸைப் பிரித்துப் பார்த்து வருகிறோம்.

இந்த வாரம் டிரான்ஸாக்‌ஷன் என்று சொல்லியிருந்தேன். அதற்காக அந்தக் கிளாஸின் கோப்பைத் திறந்தபோது கண்ணில் பட்ட ஒரு சின்ன ஃபங்ஷனைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

அது செய்வது இவ்வளவுதான். பயனர் கொடுத்த மதிப்பில் சதவீதக் குறி இருந்தால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் வழக்கமாக 64 எழுத்து நீளமுள்ள, பொருளற்ற ஒரு கோவையை வைக்கிறது. குவெரி டேட்டாபேஸுக்குக் கிளம்பும் கடைசிக் கட்டத்தில் கோவையை அகற்றி, மறுபடி சதவீதக் குறியை வைக்கிறது. பக்கம் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் கோவை புதிதாகப் பிறக்கிறது. வெளியாள் முன்கூட்டி ஊகிக்க வழியில்லை. 2017 அக்டோபர் 31 அன்று வந்த 4.8.3 பதிப்பில் இது சேர்ந்தது. ஒரு சதவீதக் குறிக்கு ஏன் இத்தனை காவல்?

ப்ரிப்பேர் என்ற மெத்தட், 2007இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து டபிள்யுபிடிபியில் இருக்கிறது. குவெரியில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியையும் எஸ் எழுத்தையும் போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். மேற்கோள்குறி போடுவதும், விஷமமான எழுத்துகளைச் செயலிழக்கச் செய்வதும் ப்ரிப்பேரின் பொறுப்பு. டேட்டாபேஸ் சர்வரே தரும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் இதுவல்ல. அங்கே குவெரியின் கட்டமைப்பு முதலில் போகும். மதிப்புகள் பின்னால் தனியே போகும். இரண்டும் ஒரே ஸ்ட்ரிங்காகச் சேர்வதே இல்லை. டபிள்யுபிடிபி இரண்டையும் தானே சேர்த்து, முழு ஸ்ட்ரிங்காகத் திருப்பித் தருகிறது.

ஸ்ட்ரிங் கைக்கு வந்தால் நிரலாளர் என்ன செய்வார்? இன்னொரு ஸ்ட்ரிங்கோடு ஒட்டுவார். ஒரு ப்ளக்இன் எழுதுபவர் 'பெயர் இன்னது' என்ற நிபந்தனையை ப்ரிப்பேர் வழியாகத் தயாரிக்கிறார். அதைப் பெரிய குவெரி ஒன்றில் ஒட்டி, தேதியையும் சேர்க்க வேண்டியிருப்பதால், மொத்தத்தையும் மீண்டும் ப்ரிப்பேரிடம் கொடுக்கிறார். இரண்டு தடவை சுத்தம் செய்தால் இரட்டைப் பாதுகாப்பு என்றுதான் தோன்றும்.

பயனர் பெயருக்கான கட்டத்தில் வேறு எழுத்துகளோடு சேர்த்துச் சதவீதக் குறியும் எஸ்ஸும் தட்டச்சு செய்தால்? முதல் தடவை அது வெறும் எழுத்து. மேற்கோள்குறிகளுக்குள் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். இரண்டாம் தடவை வரும் ப்ரிப்பேருக்கு அது பயனரின் எழுத்து என்று தெரியாது. மதிப்பு நிரப்ப வேண்டிய இடம் என்று நினைத்து, அதைச் சுற்றிப் புதிதாக மேற்கோள்குறிகள் போடும். ஏற்கெனவே திறந்திருந்த மேற்கோள் அங்கேயே மூடிக்கொள்ளும். உள்ளே இருக்க வேண்டிய மதிப்பு வெளியே வந்து, குவெரியின் பகுதியாகவே நிற்கும். பாதுகாப்புக்காகப் போட்ட மேற்கோள்குறியே பூட்டைத் திறந்துவிடுகிறது! இதை முதன்முறை புரிந்துகொண்டபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆந்தனி ஃபெராரா. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 4.8.2 பதிப்பு ப்ரிப்பேரை இறுக்கிப் பார்த்தது, போதவில்லை. வேர்ட்பிரஸின் மையநிரல் நேரடியாக ஆபத்தில் இல்லை, ப்ளக்இன்களும் தீம்களும் தெரியாமல் ஓட்டை போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் காவல் என்று 4.8.3 அறிவிப்பு சொன்னது.

இப்போது மாறுவேடத்தின் அழகைப் பாருங்கள். முதல் ப்ரிப்பேர் முடிந்ததும் பயனரின் சதவீதக் குறி கோவையாக மாறிவிடுகிறது. இரண்டாவது ப்ரிப்பேர் வந்து தேடினால் கிடைக்காது. கடைசியில் வாசலைத் தாண்டும்போது குறி பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த ப்ளக்இன்களில் பெரும்பாலானவை ஒரு வரிகூட மாறவில்லை. இது சாத்தியமானதற்குக் காரணம் ஒன்றுதான்: எல்லாக் குவெரியும் டபிள்யுபிடிபியின் குவெரி என்ற ஒரே மெத்தட் வழியாக வெளியேறுகிறது. வேடத்தைக் கலைக்க நம்பகமான ஓரிடம் இருந்ததால்தான் வேடம் போடவே துணிந்தார்கள்.

வாசலைச் சுற்றிக்கொண்டு போனவர்களுக்கு என்ன நேரும் என்பதை 2014 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 3.9 பதிப்பு காட்டியது. பிஎச்பி மொழியின் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் 2013இல் 5.5 பதிப்பில் கைவிடப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. 2015 டிசம்பரில் வந்த 7.0இல் அடியோடு நீக்கப்பட்டன. அதை முன்கூட்டியே பார்த்து, பிஎச்பி 5.5 ஓடும் இடங்களில் டபிள்யுபிடிபி உள்ளுக்குள் அவற்றுக்கு மாற்றான மைஎஸ்க்யூஎல்ஐ-க்கு மாறிக்கொண்டது. டபிள்யுபிடிபியை நம்பியிருந்த ப்ளக்இன்களுக்கு மாறியதே தெரியவில்லை. பழைய ஃபங்ஷன்களை நேரடியாகக் கூப்பிட்டவை விழுந்தன. அந்த ஃபங்ஷன்களிடம் எந்தக் கனெக்‌ஷன் என்று சொல்லாவிட்டால், கடைசியாகத் திறந்த கனெக்‌ஷனை எடுத்துக்கொள்ளும். அதுவரை டபிள்யுபிடிபி திறந்து வைத்திருந்ததில் அவை ஓசியில் பயணம் செய்துகொண்டிருந்தன. அந்தக் கனெக்‌ஷன் இல்லாமல் போனதும், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் தாமாகவே புதிதாகத் திறக்கப் பார்த்துத் தோற்றன.

ஆக, வாசல் ஒன்றாக இருந்ததால் இரண்டு முறை பிழைத்தார்கள். ஆனாலும் நம் அடுக்கைக் கட்டும்போது ப்ரிப்பேரை அப்படியே நகலெடுக்கக் கூடாது. உள்ளே வருவதற்கு வாசல் வைத்தவர்கள், வெளியே எதைக் கொடுக்கிறோம் என்பதை யோசிக்காமல் விட்டதுதான் ப்ரிப்பேரின் சிக்கலுக்கு வேர். ஒரு மெத்தட் திருப்பித் தரும் பொருள், அதைக் கூப்பிடும் எல்லோருக்கும் கொடுக்கும் வாக்கு. ஸ்ட்ரிங்கைத் தருவேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஆயிரக்கணக்கான ப்ளக்இன்கள் அதை ஒட்டியும் வெட்டியும் பழகிவிடும். பிறகு உண்மையான ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டுக்கு மாற ஆசைப்பட்டாலும் வாக்கு விடாது.

2005இல் பிஎச்பி 5.1 உடன், டேட்டாபேஸோடு பேசுவதற்காக வந்த பிடிஓ வேறு வாக்கைக் கொடுத்தது. அதன் ப்ரிப்பேர் தருவது ஓர் ஆப்ஜெக்ட். அதை இன்னொரு குவெரியோடு ஒட்ட முடியாது. மதிப்பைக் கொடுத்து இயக்கத்தான் முடியும். மைஎஸ்க்யூஎல்லோடு பேசும்போது பிடிஓவும் இயல்பாக மதிப்புகளைத் தானே சேர்த்துத்தான் அனுப்புகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் உண்மையான ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டுக்குப் போய்விடலாம். கூப்பிடும் நிரலில் பெரும்பாலும் கைவைக்கத் தேவையில்லை. உள்ளே நடப்பது வெளியே கசியாததால் கிடைத்த சுதந்திரம் இது.

எனவே நம் அடுக்கில் குவெரியைத் தயாரிக்கும் எந்த மெத்தடும் ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தராது. நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டிய தேடல் பக்கங்களுக்கு, கட்டமைப்பையும் மதிப்புகளையும் கடைசிவரை தனித்தனியே சுமக்கும் ஓர் ஆப்ஜெக்ட் போதும். இந்த ஒரு முடிவை முதல் நாளே எடுத்துவிடுங்கள். பத்துப் பேர் உங்கள் அடுக்கைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு எடுக்கவே முடியாது.

டிரான்ஸாக்‌ஷன் அடுத்த வாரம். டபிள்யுபிடிபியில் அதற்கென்று மெத்தட் கிடையாது. 2010இல் மைஎஸ்க்யூஎல் 5.5 வரும்வரை இயல்பான சேமிப்பு முறையாக இருந்த மைஐசாமிலும் டிரான்ஸாக்‌ஷன் கிடையாது. அங்கிருந்து தொடங்குவோம். அதற்குள் உங்கள் நிரலில் ஒரு மெத்தட் உள்ளே இன்னொரு மெத்தடைக் கூப்பிட்டு, இரண்டுமே டேட்டாபேஸில் எழுதும் இடம் ஒன்றைத் தேடி வையுங்கள். முதலாவது வெற்றி பெற்று இரண்டாவது தோற்றால் யார் பின்வாங்க வேண்டும் என்பதுதான் அடுத்த வாரக் கேள்வி.